பூணூல் போட்ட புத்தர்

திங்கட்கிழமைகளில் நான் பேசுவதில்லை. அபிராமபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவருக்குக்கூட இது தெரியும். சூரியன் உதித்ததிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றும்வரை மௌன விரதம். பதினொரு வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஜுரம் வந்தாலும் சரி, பெண்ணின் கல்யாண வாரமானாலும் சரி. இன்று புதன்கிழமை. ஆகவே நீங்கள் எதைக் கேட்டாலும் சொல்வதில் எனக்குத் தடையில்லை, இன்ஸ்பெக்டர். உங்கள் ரைட்டர் ரகுபதி நிதானமாகவே எழுதட்டும். முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் பாடம் சொன்னவன் நான். குறிப்பெடுப்பவர் பின்தங்கினால் நின்று காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

பெயர் சுந்தரராமன். வயது அறுபத்து மூன்று. சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் சிற்பங்கள், பௌத்தச் சிற்பங்கள் பற்றி மயிலாப்பூரிலும் தி. நகரிலும் சபா சபாவாகப் பேசியிருக்கிறேன். ஆலமரத்தடியில் வாய் திறக்காமலே சீடர்களுக்கு உபதேசம் செய்யும் தட்சிணாமூர்த்தி ஒரு பக்கம். பதில் சொல்லிப் பயனில்லாத கேள்விகளைக் கேட்டபோது பேசாமல் உட்கார்ந்திருந்த புத்தர் ஒரு பக்கம். இந்த இரண்டு மௌனங்களைப் பற்றி நான் இரண்டு மணி நேரம் பேசுவேன். ஜனங்கள் எழுந்து போகாமல் கேட்பார்கள். ஊருக்குச் சொல்வதை நாமும் கொஞ்சம் கடைப்பிடிக்க வேண்டாமா என்றுதான் விரதத்தை ஆரம்பித்தேன்.

சிற்பி வெள்ளைத்துரையை நேரில் நான் 'நீ' என்றுதான் சொல்லி வந்தேன். இறந்தவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவது நம் வழக்கம் என்பதால் இங்கே 'அவர்' என்கிறேன்.

எனக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறதென்றால் அதைக் கொடுத்தது ஒரு சிலை. 1975இல் எங்கள் தெருக்கோடியில் ஆய்வு மன்றத்துக்குக் கட்டடம் எழுப்ப அஸ்திவாரம் தோண்டினார்கள். நான் அப்போது மன்றத்தின் செயலாளர். ஆறடி ஆழத்தில் மண்வெட்டி கல்லில் பட்டது. தோண்டி எடுத்தால், தியானத்தில் உட்கார்ந்த புத்தர். மார்பின் குறுக்கே மூன்று புரியும் முடிச்சுமாக அசல் பூணூல். புத்தருக்குப் பூணூல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன் மயிலாப்பூர்ப் பக்கம் சைவர்களும் பௌத்தர்களும் அடித்துக்கொள்ளாமல் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள், அதற்குச் சாட்சி இந்தச் சிலை என்று புத்தகம் எழுதினேன். கொழும்பிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 'பூணூல் புத்தர் சுந்தரராமன்' என்றால்தான் இன்றைக்கும் என்னைத் தெரியும்.

பிறகு ஜனங்கள் சிலைக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். யாரோ விளக்கு வைத்தார்கள். கண் நோய்க்கு நேர்ந்துகொண்டால் குணமாகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஏழெட்டு வருஷமாக வியாழக்கிழமைகளில் கற்பூரமும் பூவுமாகக் கூட்டம் நெரிகிறது. குணமாகும் என்று நான் சொன்னதில்லை. ஆகாது என்றும் சொன்னதில்லை.

அந்தச் சிலை பத்தாம் நூற்றாண்டுச் சிலை அல்ல. 1973ஆம் வருஷம் கொட்டிவாக்கத்தில் வெள்ளைத்துரை செய்த சிலை.

நண்பர் ஒருவரின் தோட்டத்துக்கு வேண்டும் என்று சொல்லி, படத்தைக் காட்டி, நான்தான் செய்யச் சொன்னேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளையாரும் முருகனும் செதுக்கின கை. வேலை முடிந்து சிலையைக் கொண்டுவந்து இறக்கினபோதுதான் இருவரும் பார்த்தோம், கை தன் வழக்கப்படி பூணூலைப் போட்டுவிட்டிருந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “கைப் பழக்கம் ஐயா, வேற கல்லுல செஞ்சு தர்றேன்” என்றார். நான் சிலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவருக்குச் சறுக்கின இடத்தில் எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது.

என் மனைவி காமாக்ஷி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம் அது. கொல்லையில் வாழைமரத்தடியில், அடுக்களைத் தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில், சிலையைப் புதைத்துவைத்தேன். ஒன்றரை வருஷத்தில் கல்லுக்கு வேண்டிய வயது வந்துவிட்டது. பிறகு மன்றத்துக்கு வாங்கிய காலி மனைக்கு மாற்றினேன். இதில் ஒன்றைக் கவனியுங்கள், இன்ஸ்பெக்டர். நான் கண்டுபிடித்தேன் என்று எங்கேயும் சொன்னதில்லை. தோண்டினார்கள், கிடைத்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். அது உண்மை. வாயால் நான் பொய் சொல்கிறவன் அல்ல.

போன வெள்ளிக்கிழமை, இருபத்துநாலு வருஷம் கழித்து வெள்ளைத்துரை வந்தார். வாசல் வழியாக உள்ளே வரக் கூசினார். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வெளிச்சம், நிழல் அதோடு சரி.

“ஐயா, அந்த மண்டபத்துல கீது பாருங்க, அது நம்ம சிலை” என்றார்.

“எதைச் சொல்றே?”

“தோட்டத்துக்குன்னு சொல்லி வாங்கினு போனீங்களே, அதான். மருமவ என் கண்ணுக்கு நேர்ந்துக்கினு அங்க இட்டுக்கினு போச்சு. கண்ணு தெரியல, தொட்டுக் கும்புட்டுக்கிறேன்னு கேட்டேன். பூசை பண்றவரு பாவம்னு வுட்டாரு. கை வச்சதும் தெரிஞ்சிபோச்சு ஐயா. எடது காதாண்ட அப்போ ஒரு சில்லு பேந்துச்சு, நான் தேச்சுத் தேச்சு சரி பண்ணேன். அது அப்படியே கீது.”

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நண்பர் தோட்டத்திலிருந்து யாரோ திருடிக்கொண்டுபோய், மாட்டிக்கொள்ளாமலிருக்கப் புதைத்துவிட்டார்கள், ஐயாவும் பாவம் ஏமாந்துவிட்டார் என்று முழுக் கதையையும் அவரே கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய கவலையெல்லாம் வேறு.

“கண்ணு தொறக்காத சிலை ஐயா அது. தோட்டத்துக்குத்தானேன்னு நான் கண்ணத் தொறக்கல. அதுக்குப் போய் ஜனம் கற்பூரம் காட்டிக்கினு கீது. கும்புடறவங்களப் பாக்க முடியாம அது என் கண்ண வாங்கிக்கிச்சு. என்னோட போனா பரவால்ல. பேரப் பையனுக்கும் இப்ப ஒரு கண்ணு மங்கிக்கினு வருது.”

உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலை எவ்வளவு அழகாக முடிந்தாலும், சிற்பி நல்ல நேரம் பார்த்துத் தங்க ஊசியால் கருவிழியைக் கீறிக் கண்ணைத் திறக்கும்வரை அது வெறும் கல். இலங்கையில் புத்தருக்கும் இப்படி உண்டு. திறக்கும் கண்ணின் முதல் பார்வை தன்மேல் விழக்கூடாதென்று அங்கே சிற்பி முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வரைவான். இதைப் பற்றியே ஒரு தனிச் சொற்பொழிவு செய்திருக்கிறேன். எனக்கு அது சுவாரசியமான செய்தி. அவருக்கு அது பேரனின் கண்.

ரகசியமாக இப்போது திறந்துவிடலாமே என்று கேட்டேன். தலையை ஆட்டினார். திறக்காமல் பூசை வாங்கின கல்லுக்குப் பிறகு திறக்கக்கூடாதாம். கடலில்தான் விட வேண்டுமாம். வியாழக்கிழமை புத்த பூர்ணிமைக்கு ஊர் கூடும்போது எல்லார் முன்னாலும் நின்று, இது என் வேலை, இன்ன வருஷம் செய்தது, கும்பிடாதீர்கள் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். “நீங்க பக்கத்துல நின்னா போதும் ஐயா. உங்க பேச்சுன்னா ஊரு கேக்கும்” என்றார்.

அதே வியாழக்கிழமை, அதே மேடையில், என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வெளியாகிறது. எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அது நாளைக்குத்தான்.

அப்போது எனக்குப் பயமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அறுபத்து மூன்று வயதில் வீதியில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். காமாக்ஷியின் காதில் விழும். பெசன்ட் நகரில் கட்டிக் கொடுத்திருக்கும் என் பெண் ஸ்ரீரஞ்சனியின் புகுந்த வீட்டில் ஜாடையாகப் பேசுவார்கள். நாற்பது புத்தகங்களில் என் பெயர் அடிக்குறிப்பில் இருக்கிறது. அத்தனை அடிக்குறிப்பும் கேலியாகிவிடும். அதை நினைத்ததும் எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு வா, உட்கார்ந்து யோசிப்போம் என்றேன்.

“திங்கக்கெழமை நீங்க வாயே தொறக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே?”

“நீ பேசு. நான் கேட்டுக்கறேன்.”

கிளம்பும்போது எங்கள் கிணற்று மூடியை மிதித்துக்கொண்டு போனார். மோட்டார் வைத்தபோது கிணற்றுச் சுவரைத் தரைமட்டமாக இடித்துவிட்டு இரும்புத் தகட்டால் மூடி போட்டிருந்தோம். சந்து முடிந்ததும் மூடி, அதைத் தாண்டினால் என் பிரம்பு நாற்காலி. மூடி டங்கென்றது. நின்று, காலால் இன்னொரு தடவை தட்டிப் பார்த்துச் சிரித்தார். “நல்ல அடையாளம் ஐயா. இந்தச் சத்தம் வந்தா நாலு எட்டுல நீங்க. இனிமே யாரும் கையப் புடிச்சி இட்டாற வேணாம்.”

திங்கட்கிழமை காலையிலேயே காமாக்ஷி பேரக்குழந்தையைப் பார்க்கப் பெசன்ட் நகர் போய்விட்டாள். நாலு மணிக்கு நான் மூடியை இழுத்துச் சுவரோரம் சாய்த்தேன். பழைய மூடி. பற்றவைக்கக் கொடுக்க வேண்டுமென்று பல நாளாக நினைத்திருந்தது உண்மைதான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஐந்தே காலுக்குச் சந்தில் அவர் வரும் சத்தம் கேட்டது. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பை. கைத்தடியை அக்குளில் இடுக்கியிருந்தார். வழிதான் தெரிந்த வழியாயிற்றே. சுவர் முடிந்த இடத்தில் நின்றார்.

“ஐயா கீறீங்களா? மாம்பழம் கொண்ணாந்தேன். நம்ம வூட்டு மரம்.”

நான் பேசவில்லை. என் வேட்டியின் வெள்ளை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு வந்தது.

“மறந்துட்டேன், நீங்க பேச மாட்டீங்கல்ல. நேராத்தானே ஐயா?”

மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மூடியின் சத்தத்தை எதிர்பார்த்துக் காலைச் சற்று அழுத்தியே வைத்தார்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், “கையத் தட்டியிருக்கலாமே சார்?” என்று. மௌனத்தில் பல வகை உண்டு. கட்டையைப் போல, சைகைகூடக் காட்டாமல் இருப்பது காஷ்ட மௌனம். அதுவே உயர்ந்தது. காலையில் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்று நான் ஸ்லேட்டில் எழுதிக் காட்டியதாகக் காமாக்ஷி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் உண்மை. காஷ்ட மௌனத்தை நான் அன்று நாலு மணியிலிருந்துதான் அனுஷ்டித்தேன்.

வைகாசி மாதம், கிணற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். விழுந்ததும் அவர் முதலில் சொன்னது, “விழுந்துட்டேன் ஐயா.” ஏதோ என் பாத்திரத்தை உடைத்துவிட்டதுபோல, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். இடுப்பில் அடி பட்டிருந்தது, நிற்க முடியவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க பேச வேணாம் ஐயா, வெரதம் கெட்டுடும். பக்கத்து வூட்டுக் கதவ மட்டும் தட்டுங்க, அவங்க வருவாங்க” என்றார். மாம்பழங்களில் மூன்று மேலே மிதந்தன. ஐந்தரைக்கு மோட்டார் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போட்டேன். அது கொஞ்சம் பலமாகச் சத்தம் போடும் மோட்டார்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். காலையில் திரும்பி வந்த காமாக்ஷி கேட்டுக்கு வெளியே நின்றபடியே கூப்பிட்டாள். “ஏன்னா, இது யாரோட செருப்பு? நேத்திக்கு ஆத்துக்கு யாராவது வந்தாளா?” டயர்ச் செருப்பு. எங்கள் கேட்டுக்கு உள்ளே செருப்போடு வருவது மரியாதையில்லை என்று அவர் தெருவிலேயே கழற்றி விட்டிருந்தார். நான் அவரை ஒருநாளும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. செய்யாதே என்றும் சொன்னதில்லை. கல்லில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற எனக்கு வாசலில் கிடந்த செருப்பு கண்ணில் படவில்லை.

காமாக்ஷி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். அவருடைய மருமகள், பச்சையம்மா என்று பெயர். “எங்க மாமா செருப்பு இது. நேத்து பஸ் ஏத்தி வுட்டேன், ராவெல்லாம் வரல. எங்க அவரு?” என்றாள். காமாக்ஷி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தினவள். அவளுக்கு ஸ்லேட் தேவைப்படவில்லை. “எங்கேன்னா அவர்?” என்று கேட்டாள். கேட்டால் நான் சொல்லிவிடுவேன். கிணற்றில் இருக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

உங்கள் வார்த்தையில் ஒரு நியாயம் இருந்தது, இன்ஸ்பெக்டர் தணிகாசலம். “வாயத் தொறக்காததுக்கெல்லாம் செக்ஷன் கெடையாது சார். மூடியத் தொறந்தது யாரு, அத்தச் சொல்லுங்க” என்றீர்கள். திறந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது பாதிதான். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, விழுந்தவருக்கு அவ்வளவு நேரம் உயிர் இருந்திருக்கிறதே, கிணறு மூடியிருந்ததே, அது எப்போது மூடப்பட்டது என்று நீங்கள் கேட்பீர்களென்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

ஆறரைக்குச் சூரியன் அஸ்தமித்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு விளக்கேற்றினேன். அத்துடன் விரதம் முடிந்தது. மௌனம் கலைந்ததும் முதலில் வாயில் வருவது சுவாமி பெயராக இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். நான் கிணற்றடிக்குப் போய், “வெள்ளைத்துரை” என்று கூப்பிட்டேன்.

“ஐயா!” உள்ளேயிருந்து குரல் வந்தது. தேய்ந்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. “வெரதம் முடிஞ்சிதா? நல்ல வேள ஐயா. ஏணி கீதா?”

“சிலை விஷயத்தை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? மருமகள்கிட்ட?”

“இல்ல ஐயா. உங்களக் கேக்காம நான் யாராண்ட சொல்லுவேன்?”

நான் நின்று யோசித்தேன் என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். யோசிக்கவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த மூடியை இழுத்துக் கிணற்றை மூடினேன். மூடும்போது அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஐயா என்றுதான் கூப்பிட்டார். மேலே இரண்டு தண்ணீர்த் தவலைகளை வைத்தேன். பிறகு ரசம் சுட வைத்துச் சாப்பிட்டேன்.

ஆகவே விரதத்தின் மேல் பழி போடாதீர்கள். பேசாமல் இருந்து நான் அவரைக் கொல்லவில்லை. பேசின பிறகுதான் கொன்றேன். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். ரகுபதி எழுதியதில் சிலையைப் பற்றிய தாள்கள் மூன்றோ நான்கோ இருக்கும். அவற்றை என்னிடம் கொடுத்துவிடுங்கள். கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாளை பௌர்ணமி, மேடை போட்டாகிவிட்டது. நான் இல்லாவிட்டாலும் புத்தகத்தை யாராவது வெளியிட்டுக்கொள்வார்கள். ஆயிரம் வருஷத்துச் சிலையை ஒரு கிழவனின் குற்றத்துக்காகக் கடலில் போட வேண்டுமா? கொலைக்குக் காரணம் என்ற இடத்தில் முன்விரோதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் அது பழகின வார்த்தை. கோர்ட்டில் கேட்டால் நான் மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.